அலுமினியப் படகில் ஓட்டை: பசையா, ரிவிட்டா, வெல்டிங்கா?

பினாங்கில் அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்து மாவுங்கிலோ தெலுக் பஹாங்கிலோ ஜெட்டிப் பக்கம் போனால் ஃபைபர் படகுகள்தான் வரிசையாகக் கிடக்கும். அலுமினியப் படகு பெரும்பாலும் தூண்டில்காரர்களின் வீட்டு வாசலில், டிரெய்லர் மேல் தார்ப்பாய் போட்டு மூடியபடி இருக்கும். எடை குறைவு என்பதால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். ஒரு வாரம் பாலிங், கிரிக் வழியாகத் தெமெங்கோர் ஏரிக்கு, மறு வாரம் ஜெரெஜாக் தீவு ஓரத்துக்கு என்று ஏரிக்கும் கடலுக்கும் ஒன்றே போதும்.

அதில் ஓட்டை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும். ஃபைபர் வேலை தெரிந்தவர், "கொஞ்சம் எப்பாக்சி அப்புங்க, போதும்" என்பார். வீட்டு கேட், கிரில் செய்யும் வெல்டிங் கடைக்காரர், "கொண்டு வாங்க, பத்து நிமிஷ வேலை" என்பார். யூடியூப்பில் ஒருவர் சின்ன கேஸ் டார்ச்சையும் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு டின்னில் போட்ட ஓட்டையைக் கண்ணெதிரே அடைத்துக் காட்டுவார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்யும் இடம் இருக்கிறது. உங்கள் படகில் இருப்பது அந்த இடம்தானா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஓட்டையின் அளவை வைத்து முடிவெடுப்பவர்கள் அதிகம். சின்னது என்றால் பசை, பெரியது என்றால் வெல்டிங் என்று. நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஓட்டை எதனால் வந்தது என்பது முதல் கேள்வி. இன்றைக்கு நான் செய்யும் வேலை, நாளைக்கு அதே இடத்தில் செய்ய வேண்டியிருக்கும் வேலையைக் கெடுக்குமா என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. பணம் கையைக் கடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

படகைத் தண்ணீரில் இறக்கி உள்ளே குனிந்து தேடுவது வீண் வேலை. உள்ளே வந்த தண்ணீர் விலாக் கட்டைகளை ஒட்டியே ஓடி வேறெங்கோ தேங்கும். டிரெய்லரில் வைத்தபடியே படகுக்குள் தண்ணீர் விட்டு, வெளியே அடியில் படுத்துப் பார்ப்பதே நல்லது. எங்கே சொட்டுகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நிரப்பிவிடக் கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 12 அடிப் படகில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே 300 கிலோவைத் தொட்டுவிடும். டிரெய்லர் உருளைகள் தாங்கும் இடத்தில் இருக்கிற விரிசலை நாமே பெரிதாக்கியதாக ஆகிவிடும். அடி நனையும் அளவு விட்டு, படகைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தால் போதும்.

பார்த்தால் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். ரிவிட், அதாவது தகடுகளைத் துளைத்து இணைக்கும் தலையுள்ள ஆணி, தளர்ந்து அதன் தலையைச் சுற்றிக் கசிவது ஒன்று. தகடு வளைந்து வளைந்து அலுத்துப்போய் விரிசல் விடுவது இன்னொன்று. பாறையோ மூழ்கிய மரமோ குத்திக் கிழித்தது மூன்றாவது. தெமெங்கோரில் அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கடியில் நிற்கின்றன. மட்டம் இறங்கும் காலத்தில் வேகமாகப் போனால் இது நடக்கும். நான்காவது அரிப்பு.

அரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேறொரு உலோகம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். நண்பர் ஒருவர் வாங்கிய பழைய படகில் தரையில் போட்டிருந்த கம்பளத்தைப் பிய்த்து எடுத்தோம். அடியில் ஈயக் குண்டு ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதை நெம்பி எடுத்ததும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. குண்டு கிடந்த அதே வடிவத்தில் தகடு குழிந்திருந்தது. நடுவில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் மறுபக்கம் வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளை அளவுதான். செம்பு நிறத்து ஒரு சென் காசு, பித்தளை ஸ்க்ரூ, மீன்பிடி ஈயம் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். ஈரக் கம்பளம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு துணைக்கு நிற்கும்.

விரிசல் என்று தெரிந்தால் அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனையாக இருக்காது. வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் சிவப்புச் சாய ஸ்ப்ரேயும் வெள்ளைப் பொடி ஸ்ப்ரேயும் கிடைக்கும். சுத்தம் செய்த தகட்டில் சிவப்பை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசலுக்குள் போயிருந்த சிவப்பு கோடாக மேலே எழும்பி வரும். அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. அடுத்து எந்த வழியில் போனாலும் இந்தத் துளைகள் வேண்டும்.

பசை வகைகள்

மலிவானது, வீட்டிலேயே செய்யலாம், ஏரிக்கரையில் வைத்துக்கூடச் செய்யலாம். ஆனால் பசை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, இதில் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது.

முதலாவது சிலிக்கான். குளியலறைக்கு வாங்கி மிச்சம் இருக்கும் குழாய். இதைப் படகின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். புளிச்ச காடி வாசம் வரும் வகை காயும்போது வெளிவிடும் அமிலமே உலோகத்தை அரிக்கும். அது பிய்ந்து போன பிறகும் தகட்டில் ஒரு படலம் தங்கிவிடும். அதன் மேல் எப்பாக்சியும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது, வெல்டிங்கும் சரியாக வராது.

இரண்டாவது பாலியூரித்தேன் சீலன்ட். 3எம் 5200, சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்றவை. காய்ந்த பிறகும் ரப்பராக இருப்பதால் தகடு அசையும்போது சேர்ந்து அசையும். ரிவிட் கசிவுக்கும், தகடும் தகடும் சேரும் இடத்துக்கும் இது பொருத்தம். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இது இறுகுகிறது. 5200 முழுதாக இறுகுவதற்கு 5 முதல் 7 நாள் என்று குறிப்பிடுவார்கள். பினாங்குக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் கொஞ்சம் சீக்கிரமே இறுகும். அதற்காக வெள்ளிக்கிழமை ராத்திரி பூசி சனிக்கிழமை காலையில் இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 5200 நிரந்தரப் பிடி. பிறகு பிரிக்க வேண்டியிருக்கும் பாகத்தில் அதைப் போட்டால் தகடு வளையும், பசை விடாது.

மூன்றாவது எப்பாக்சி, இரண்டு சரக்கைக் கலந்து பூசும் பசை. மரைன்-டெக்ஸ், ஜேபி வெல்ட் எல்லாம் இந்த வகை. ஊசித் துளை, சின்ன அரிப்புக் குழி ஆகியவற்றுக்கு நன்றாகக் கைகொடுக்கும். ஓட்டையைச் சுற்றித் தகடு கெட்டியாக, அசையாமல் இருந்தால் வருடக் கணக்கில் நிற்கும். அசையும் தகட்டில், அதுவும் விரிசல் மேல், வெறும் எப்பாக்சியைப் பூசினால் பல்லிளித்துவிடும். எப்பாக்சி கல்லாக இறுகும், மெல்லிய தகடு வளையும். நாள் முழுக்க வெயிலில் நின்று தொட முடியாமல் சூடான படகைத் தண்ணீரில் இறக்கும்போது தகடு சட்டென்று சுருங்கும். பசையின் ஓரம் தூக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

எப்பாக்சி பிடிக்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தாலும், காற்று பட்டவுடன் புதிய ஆக்சைடு படலம் வளரத் தொடங்கிவிடும். பசை தகட்டைப் பிடிக்காமல் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அசிட்டோன் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, உடனே எப்பாக்சியை மெல்லியதாகத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் மறுபடி தேய்க்க வேண்டும். பசைக்கு அடியிலேயே உலோகம் சுரண்டப்படுவதால் காற்று அதைத் தொடவே முடியாது. பிறகு மேலே கெட்டியாகப் போட்டுக்கொள்ளலாம். அசிங்கமான வேலை, கையெல்லாம் ஒட்டும். பிடிப்பு மட்டும் வேறு மாதிரி இருக்கும். நம் வெயிலில் கலந்த எப்பாக்சி சீக்கிரம் சூடேறி இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். காய்ந்தபின் மேலே மெழுகுபோல் வழவழப்பு படிந்திருந்தால் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும்.

கேஸ் டார்ச்சும் கம்பியும்

இணையத்தில் மிக அழகாகத் தெரிவது இந்த வழிதான். என் ஓட்டு இதற்கு இல்லை, அதற்குக் காரணம் சொல்கிறேன்.

அந்தக் கம்பிகள் பெரும்பாலும் துத்தநாகம் கலந்தவை. சுமார் 380, 400 டிகிரி செல்சியஸில் உருகும். சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், படகுத் தகடு அதற்குக் கொஞ்சம் முன்பே உருகும். அதனால் படகுத் தகட்டை உருக்காமலே ஒட்டிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். நெருப்பில் கம்பியை உருக்கிச் சொட்டவிடுவது தப்பு. தகட்டின் சூட்டில்தான் கம்பி உருக வேண்டும். உருகியதற்கு அடியில் எவர்சில்வர் கம்பியால் சுரண்டி ஆக்சைடைக் கிழிக்க வேண்டும். டின்னிலும் கையளவு துண்டிலும் இது சுலபமாக வரும். படகு என்பது ஒரு பெரிய தகடு. இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக அலுமினியம் வெப்பத்தைக் கடத்திவிடும். நீங்கள் ஒரு இடத்தில் சூடு காட்டக் காட்ட அது படகு முழுக்கப் பரவிப் போய்க்கொண்டிருக்கும். சின்ன டார்ச்சுக்கு அந்த வெப்பநிலை எட்டாது. பெரிய டார்ச் எடுத்தால் வேறு ஆபத்து. அலுமினியம் உருகப் போகிறது என்பதற்கு இரும்புபோல் சிவந்து அறிகுறி காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரற்கடைத் தகடு தொப்பென்று கீழே விழுந்து ஊசித் துளை உள்ளங்கை அளவாகிவிடும்.

நன்றாகவே வந்தாலும் கடலுக்குப் போகிற படகில் இன்னொரு பிரச்சினை. துத்தநாகம் உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்கு முன்னால் கரையும். எஞ்சினில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி கரைந்துபோவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஓட்டையை அடைத்த சரக்கும் அதே குணம்தான். பிறகு சரி, வெல்டிங்கே செய்துவிடலாம் என்று போனால், அந்தத் துத்தநாகத்தை முழுக்கக் கடைந்து எடுக்காமல் வெல்டர் தொட மாட்டார். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் கொதித்துப் புகையாகும். வேலையும் கெடும், அந்தப் புகையை முகர்ந்தவருக்குக் காய்ச்சலும் வரும். ஏரிக்கு மட்டும் போகும் படகில், எளிதில் எட்டும் இடத்தில், சின்னத் துளை என்றால் செய்து பாருங்கள். மற்றபடி வேண்டாம்.

தகடு வைத்து ரிவிட் அடிப்பது

இது பழைய முறை, மவுசு குறைந்துபோன முறை. 1.5 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தகட்டில் ரிவிட் அடித்தே செய்த படகுகளுக்கு இன்றைக்கும் இதைவிட நல்லது இல்லை என்றுதான் சொல்வேன். நெருப்பு வேண்டாம், தகட்டின் பலம் குறையாது, கையில் டிரில்லும் ரிவிட் கன்னும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். பிடிக்காவிட்டால் ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம். பின்னால் வெல்டிங்குக்குப் போகவும் வழி மூடவில்லை, இடையில் போட்ட சீலன்டைச் சுரண்டி எடுக்கும் சிரமம் மட்டும் இருக்கும்.

கிழிசல், விரிசல், அரித்துப்போன இடம் எதுவானாலும் கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, அதைவிடப் பெரிய ஒட்டுத் தகடு வைக்க வேண்டும். கூர்மையான மூலையிலிருந்துதான் அடுத்த விரிசல் கிளம்பும் என்பதால் தகட்டின் மூலைகள் வட்டமாக இருக்கட்டும். படகின் வெளிப்பக்கம் வைத்தால் தண்ணீர் அழுத்தமே அதைப் படகோடு சேர்த்து அழுத்தும். வேகமாக ஓடும் அடிப்பாகத்தில் மட்டும் வழவழப்பு வேண்டுமென்று உள்ளே வைப்பவர்களும் உண்டு.

தகடு வாங்கும்போது 5052 என்று அலுமினியக் கலவையின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் சும்மா "அலுமினியத் தகடு" என்று கேட்டால் பாத்திரம் செய்யும் மெல்லிய சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். ரிவிட்டிலும் இதே கதை. ரிவிட் கன்னால் ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் சாதாரண பாப் ரிவிட் நடுவில் ஓட்டை உள்ளது. ஒரு ஓட்டையை அடைக்க இருபது ஓட்டை போட்டதாக ஆகிவிடும். அதன் உள்ளே நிற்கும் ஆணி இரும்பாக இருந்தால் கடல் தண்ணீரில் அதுவும் துருப்பிடிக்கும். முனை மூடிய அலுமினிய ரிவிட் தனியாகக் கிடைக்கும், அதைத்தான் வாங்க வேண்டும். 4.8 மில்லிமீட்டர் ரிவிட் என்றால் தகட்டின் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி அடியுங்கள். இடைவெளி அதிகமானால் இரண்டு ரிவிட்டுக்கு நடுவே தகடு வாய் பிளந்து கசியும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் சீலன்ட், ஒவ்வொரு ரிவிட்டும் அதில் தோய்த்து அடிக்க வேண்டும்.

தளர்ந்த பழைய ரிவிட்டுக்கு ஒட்டே தேவையில்லை. வெளியில் ஒருவர் சுத்தியலோடும், உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ரிவிட் வாலில் அழுத்திப் பிடித்துக்கொண்டும் இரண்டு தட்டுத் தட்டினால் பல ரிவிட்டுகள் மறுபடி இறுகிவிடும். உள்ளே பிடிப்பவர் நம்பகமான ஆளாக இருக்க வேண்டும். கவனம் பிசகினால் தகடு நசுங்கும், விரலும் நசுங்கும். பெஞ்சு இருக்கைக்கு அடியில், நுரைக் கட்டிக்குப் பின்னால் இருக்கும் ரிவிட்டைத்தான் எட்ட முடியாது. அங்கே உள்ளே சீலன்ட் பூசுவதைத் தவிர வேறு வழி கிடையாது, இல்லையென்றால் பெஞ்சைக் கழற்ற வேண்டும்.

வெல்டிங்

சரியாகச் செய்த வெல்டிங்கோடு எதையும் ஒப்பிட முடியாது. "சரியாக" என்ற இடத்தில்தான் சிக்கல்.

அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் உலோகமோ 660 டிகிரிக்குள்ளேயே ஓடிவிடும். அந்தப் படலத்தை உடைக்கத்தான் டிக் (உருகாத டங்ஸ்டன் முனையால் சூடாக்கி, கம்பியைத் தனியாக ஊட்டும் வெல்டிங்) மெஷினில் ஏசி கரன்ட் வைக்கிறார்கள். இரும்புக் கேட்டுக்கு வைத்திருக்கும் டிசி மட்டும் உள்ள மெஷினில் இந்த வேலை வராது. கம்பியை மெஷினே ஊட்டும் மிக் வெல்டிங்கும் செய்யலாம், வேகமாக முடியும், 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள பெரிய படகுகளுக்கு அதுவே நல்லது. 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சாதாரண மிக் பொத்துக்கொண்டு போய்விடும். ஆக, மெல்லிய தூண்டில் படகுக்கு ஏசி டிக்.

பினாங்கில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. பிறை, மாக் மண்டின் பக்கம் தொழிற்பேட்டைகளில் அலுமினிய லோரி பாடி, டாங்கி செய்யும் பட்டறைகளைத் தேடுங்கள். எவர்சில்வர் கைப்பிடி நன்றாகச் செய்கிறாரே என்று ஒருவரிடம் கொடுக்காதீர்கள், அது வேறு கை. நான் பார்த்தவரையில் நல்ல வெல்டர் மெஷினைத் தொடுவதற்கு முன்பு கேள்வி கேட்பார். பிறையில் ஒரு அண்ணன் நண்பரின் படகுக்கு அடியில் டார்ச் லைட் அடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்:

"தம்பி, இதுல சிலிக்கான் போட்டிருக்கா?"

"நான் போடலண்ணே. முன்னாடி வச்சிருந்தவர் எதையோ பூசியிருக்கார்."

"அப்போ அது மொத்தத்தையும் எடுத்துட்டுக் கொண்டாங்க. இது மேல நான் அடிச்சா வெல்டிங் பஞ்சு மாதிரிதான் வரும். நல்லா இருக்கேன்னு எடுத்துட்டுப் போவீங்க, அதுலயே தண்ணி வரும்."

அவர் சொன்னது முழுக்க நிஜம். பசையோ எண்ணெயோ ஈரமோ இருந்தால் அது சூட்டில் ஹைட்ரஜனை விடும். உருகிய அலுமினியம் அதைக் குடித்து, ஆறும்போது நுண்ணிய குமிழிகளாக வெளிவிடும். நம் ஊரில் ராத்திரி வெளியே கிடந்த தகட்டில் ஈரம் படிந்துதான் இருக்கும். சுத்தம் செய்வதிலும் வரிசை உண்டு. முதலில் அசிட்டோன், பிறகுதான் எவர்சில்வர் பிரஷ். மாற்றிச் செய்தால் பிரஷ் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து இறக்கிவிடும். அந்த பிரஷ் இரும்பைத் தொட்டதாகவும் இருக்கக் கூடாது.

வெல்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, எந்தக் கம்பி போடுவார் என்பது. படகுத் தகடு 5052, 5083, 5086 வகையாக இருந்தால் 5356 கம்பி பொருந்தும். பல பட்டறைகளில் கைவசம் இருப்பது 4043. அது 6061 போன்ற சட்டங்களுக்கு நல்லது, மெக்னீசியம் அதிகமுள்ள 5083 தகட்டில் போட்டால் ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மையோடு நிற்கும். இதைக் கேட்டால் கோபப்படுகிற வெல்டரிடம் படகைக் கொடுக்க வேண்டாம். வெல்டிங்கைக் காற்று படாமல் காக்கும் கேஸ் ஆர்கான் மட்டும்தான், கலப்பு இல்லாமல்.

வெல்டிங் செய்தும் அதே இடத்தில் ஆறு மாதத்தில் மறுபடி பிளந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நன்றாகப் பார்த்தால் வெல்டிங் கோடு அப்படியே இருக்கும், அதன் ஓரத்தை ஒட்டிப் புதிய விரிசல் ஓடியிருக்கும். படகுத் தகட்டைக் குளிரில் உருட்டி உருட்டித்தான் கடினமாக்குகிறார்கள். வெல்டிங் சூடு அந்தக் கடினத்தைப் போக்கிவிடுகிறது. 5052 எச்32 (இப்படி உருட்டிக் கடினமாக்கிய வகை) தகட்டில் வளையாமல் நிற்கும் பலம் அந்த ஓரத்தில் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும். ஏற்கெனவே வளைந்து வளைந்து விரிசல் விட்ட இடத்தை இன்னும் மென்மையாக்கிவிட்டு, அதே வளைவுக்குத் திரும்ப அனுப்பினால் என்ன ஆகும்? அதனால் விரிசல் என்று வரும்போது வெல்டரிடம் "அடைச்சுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் வளைகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும். பின்பக்கத் தகட்டுக்கு மீறிய எஞ்சின் மாட்டியிருக்கலாம். டிரெய்லர் உருளை ஒன்று மட்டும் உயரமாக இருந்து, கிரிக் போகும் வழியெல்லாம் அந்த ஒரு புள்ளியில் படகைக் குத்திக்கொண்டே வந்திருக்கலாம். பெஞ்சுக் கால் ஒடிந்து, அடித்தகடு தாங்கலில்லாமல் ஆடியிருக்கலாம். உள்ளே ஒரு தாங்கு தகடோ சட்டமோ சேர்த்து வைத்துத்தான் இந்த வேலை முடிய வேண்டும்.

படகைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் எஞ்சின், பெட்ரோல் டாங்கி, பேட்டரி, மீன் பார்க்கும் சோனார் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பின்னால் மிதவை நுரை இருந்தால் அதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். அது எரிந்தால் வரும் புகை விஷம். அதை எடுத்து, திரும்ப வைக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால்தான் வெல்டிங்கின் உண்மையான செலவு தெரியும். சின்ன ஓட்டைக்கு வெல்டிங் கூலியைவிடப் பிரித்து மாட்டும் கூலி அதிகமாவது சகஜம்.

என் கணக்கு

ரிவிட் கசிவுக்குத் தட்டி இறுக்குவதும் பாலியூரித்தேன் சீலன்டும். அதற்கு வெல்டிங் கேட்டுப் போகவே கூடாது. ஒரு ரிவிட்டை வெல்டிங் செய்தால் அந்தச் சூட்டில் பக்கத்து ரிவிட்டுகள் தளரும், பிறகு அது முடியாத கதை. தனியாக ஒன்றிரண்டு அரிப்புக் குழி என்றால் எப்பாக்சி, ஆனால் உப்புத்தாள் வைத்து ஈரத்தில் தேய்க்கும் அந்த வேலையைச் செய்யச் சோம்பலாக இருந்தால் எப்பாக்சியும் வாங்க வேண்டாம். மெல்லிய தகட்டில் கிழிசலுக்கு ஒட்டுத் தகடும் மூடிய ரிவிட்டும். முழுக்க வெல்டிங்கால் கட்டிய, தடிமனான படகில் விரிசல் வந்தால் வெல்டிங், அதுவும் தாங்கு தகட்டோடு. மெல்லிய படகில், எஞ்சின் மாட்டும் பின்பக்கத்தில் விரிசல் வந்தாலும் வெல்டரிடம்தான் போவேன். அங்கே போகும் பாரம் பசைக்கும் பாப் ரிவிட்டுக்கும் மீறியது. நடு ஏரியில் எஞ்சினோடு பின்பக்கம் கழன்றால் பேச்சுக்கு இடமில்லை.

இடமும் கணக்கில் வரும். தெமெங்கோரில் கரையிலிருந்து தூரமாகப் போய்விட்டால் உதவிக்கு ஆள் வர நேரமாகும், ஆனால் தண்ணீர் உப்பில்லை, கடல் அளவுக்கு உலோகத்தை அரிக்காது. ஜெரெஜாக் ஓரத்தில் சத்தம் போட்டால் யாராவது வருவார்கள், ஆனால் அந்த உப்பு நீங்கள் செய்த ஒவ்வொரு ஒட்டையும் சோதித்துப் பார்க்கும். ஏரிக்கும் கடலுக்கும் போகிற படகைக் கடல் படகாகவே நினைத்துச் செய்யுங்கள். அவசரத்துக்குப் பெட்டியில் ஒரு எப்பாக்சிக் கட்டி வைத்திருப்பது நல்லது. தண்ணீருக்கடியிலேயே பிசைந்து அடைக்கும் வகை உண்டு. அதை வீட்டுக்கு வந்தபின் சுரண்டி எடுத்துவிட்டு முறையான வேலையைப் பாருங்கள். "நிக்குதே, இருக்கட்டும்" என்று விட்டால் அடுத்த தூண்டில் பயணத்தில் அது அங்கே இருக்காது.

அடைத்த பிறகு பெயின்ட் வாங்கும்போது கடைக்காரர் கொடுக்கும் சிப்பி ஒட்டாத அடிப்பூச்சைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஃபைபருக்கும் மரத்துக்கும் போடும் அந்தச் சிவப்புப் பூச்சில் பெரும்பாலும் செம்பு இருக்கும். அலுமினியத்தின் மேல் அதைப் பூசுவது ஓட்டையைக் காசு கொடுத்து வாங்குவதுதான். டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளுக்கும் இதே விதி. கறையான் பிடிக்காமலிருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பச்சைக் கட்டை மேல் ஈரக் கம்பளம் சுற்றி அலுமினியப் படகை உட்கார வைத்தால், கட்டை தொடும் கோட்டிலேயே வரிசையாகக் குழி விழும். சாதாரணக் கட்டை போட்டு, உளுத்தால் மாற்றிக்கொள்ளலாம். எவர்சில்வர் போல்ட் போட வேண்டிய இடத்தில் நைலான் வாஷர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

இன்னொரு முடிவும் இருக்கிறது, பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். அடித்தகடு முழுக்க வெள்ளைப் பொடி பூத்து, ஸ்க்ரூடிரைவரால் குத்திய இடத்திலெல்லாம் உள்ளே போகிறது என்றால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். எஞ்சினையும் டிரெய்லரையும் மட்டும் விலை பேசுங்கள். படகைப் பழைய சாமான் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிடலாம், அலுமினியத்துக்கு இரும்பைவிட நல்ல விலை உண்டு.